நிற்கக்கூடாதது எது? புயல் காலத்திற்கு நோயாளியின் வீட்டை ஆயத்தப்படுத்துதல்

ஐப்பசி பிறக்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களே வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் தமிழ்நாட்டை மிகுதியாகத் தாக்கும் காலம். அமெரிக்கக் கரையோரத்தில் ஹரிக்கேன் என்றும் கிழக்காசியாவில் டைஃபூன் என்றும் அழைக்கப்படுவதும், நாம் புயல் என்று சொல்வதும் ஒரே இயற்கை நிகழ்வுதான். இக்காலத்திற்கு ஆயத்தமாவது பற்றிப் பொதுவான அறிவுரைகள் நாளிதழ்களிலும் வானொலியிலும் வருகின்றன. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிநீர், அரிசி ஆகியவற்றைச் சேமித்து வைக்கச் சொல்லும் அவ்வறிவுரைகள் எல்லா வீட்டுக்கும் பொருந்துவன. நாள்பட்ட நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டிற்கு அவை மட்டும் போதா. அத்தகைய வீட்டினருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

புயல் திருச்சிக்கு எவ்வாறு வந்து சேர்கிறது?

நாகப்பட்டினத்துக் கடற்கரை நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆகையால் புயல் என்பது கடலோர மாவட்டத்தாரின் கவலை என்று எடமலைப்பட்டி புதூரிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் பலர் எண்ணுகின்றனர். கடலலை இங்கு வாராது என்பது உண்மைதான். ஆயினும் புயலின் விளைவுகள் மூன்று வழிகளில் நம்மை வந்தடைகின்றன.

முதலாவது வழி காற்றும் மின்தடையும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் வீசியது. கரையேறியதும் அது அடங்கிவிடவில்லை. புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல் மாவட்டங்களைக் கடந்தே கேரளத்தை நோக்கிச் சென்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களின் பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது வழி ஆறு. மணப்பாறை, விராலிமலைப் பக்கங்களில் பெய்யும் மழைநீர் அரியாற்றிலும் கோரையாற்றிலும் இறங்கி, குடமுருட்டி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. காவிரி கரை நிரம்ப ஓடும் நாளில் இந்நீர் உள்ளே செல்ல இடமின்றித் தேங்கிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சி மாநகரம் கண்ட பெருவெள்ளங்களை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். நம் வீட்டின் மேல் மழை பெய்யாத நாளிலும் நம் தெருவில் நீர் ஏறலாம் என்பதே அவற்றிலிருந்து அறிய வேண்டியது.

மூன்றாவது வழி பாதை. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த தீவு. அங்கிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் பெரும்பாலும் பாலம் ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே மாதத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அந்த வெள்ளத்திற்குப் புயல் காரணமன்று. ஆயினும் ஆற்றின் மேல் செல்லும் வழியை எந்நாளும் உறுதியானதென்று கொள்ள இயலாது என்பதற்கு அது சான்று. எடமலைப்பட்டி புதூர், கிராப்பட்டி, கருமண்டபம் பகுதிகளில் வாழ்வோருக்கு மழைநீர் தேங்கும் சுரங்கப்பாதைகளும் தாழ்வான சாலைகளும் இதே தடையை உண்டாக்கும்.

புயலுக்குப் பின்வரும் நாட்களே கொடியவை

2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்னும் புயல் கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. தொடக்கத்தில் அரசு அறிவித்த உயிரிழப்பு 64. பின்னர் விரிவாக ஆராய்ந்தபோது, அடுத்து வந்த மாதங்களில் வழக்கத்தைவிட மிகுதியாக நேர்ந்த இறப்புகள் தெரியவந்தன. 2018 ஆகஸ்டில் அத்தீவின் அரசு 2,975 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட வேறொரு குழு வீடு வீடாகச் சென்று விசாரித்தது. இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மருத்துவ உதவி தாமதமானதாலோ தடைப்பட்டதாலோ நேர்ந்தவை என்று குடும்பத்தினர் கூறியதை அது பதிவு செய்தது. சுவாசக் கருவிக்கு மின்சாரம் கிடைக்கவில்லை, மருந்து தீர்ந்தது, மருத்துவமனைக்குச் செல்லும் வழி அடைபட்டது. இத்தகைய காரணங்களே அவர்கள் கூறியவற்றுள் முதன்மையானவை.

நோயாளிகளின் குடும்பத்தினர் இதிலிருந்து கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே. காற்றையும் மழையையும் தாங்கும் வீடு இருந்தால் மட்டும் போதாது. நோயாளியின் சிகிச்சையில் எது ஒரு நாளும் நிற்கக்கூடாதோ, அது நிற்காமல் இருக்க வழி செய்ய வேண்டும். அது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரு வீட்டில் இன்சுலின். மற்றொரு வீட்டில் டயாலிசிஸ். இன்னொரு வீட்டில் ஆக்சிஜன். வேறொரு வீட்டில் காலையில் விழுங்கும் ஒரு வலிப்பு மாத்திரை.

ஒரு தாளில் எழுதும் நாள்கணக்கு

இவ்வாரமே ஒரு முழுத்தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடிடுங்கள். முதற்பத்தியில் நிற்கக்கூடாதவற்றை எழுதுங்கள். இரண்டாம் பத்தியில், மின்சாரமும் சாலையும் இன்று நின்றுபோனால் கையிருப்பைக் கொண்டு எத்தனை நாள் அல்லது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை எழுதுங்கள். மூன்றாம் பத்தியில், அக்கணக்கு முடிந்தபின் செய்யவிருப்பதை எழுதுங்கள்.

இரண்டாம் பத்தியில் உள்ள எண்களுள் மிகச் சிறியது எதுவோ, அதுவே உங்கள் வீட்டின் உண்மையான தாங்குதிறன். அரிசி ஒரு மாதத்திற்கு இருந்தாலும் ஆக்சிஜன் நான்கு மணி நேரத்திற்கே இருந்தால், அவ்வீட்டின் ஆயத்தம் நான்கு மணி நேரமே. ஆயத்தப்பணியை அந்தச் சிறிய எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

மருந்துகள்

பருவமழைக் காலம் முழுவதும் குறைந்தது 14 நாட்களுக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி அட்டை தீரும் நாளில் மருந்துக்கடைக்குச் செல்லும் வழக்கத்தை இம்மூன்று மாதங்களில் கைவிடுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், தம் பகுதிக்கு வரும் பணியாளரிடம் கையிருப்பு நிலையை முன்கூட்டியே தெரிவிக்கலாம்.

எல்லா மருந்தையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. எனினும் தவறினால் நேரும் விளைவு மருந்துக்கு மருந்து வேறுபடும். தைராக்சின் மாத்திரை சில நாட்கள் தவறினால் உடனடி ஆபத்து நேர்வதில்லை. அது உடலில் மெதுவாகவே குறையும். பின்வரும் மருந்துகள் அப்படிப்பட்டவையல்ல.

வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், லெவெடிராசெட்டாம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவிற்கு வீழலாம். மெட்டோப்ரோலால், குளோனிடின் ஆகியவற்றை நிறுத்தினால் இதயத் துடிப்போ இரத்த அழுத்தமோ திடுமென ஏறலாம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவருக்கு வார்ஃபரினும், அண்மையில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவருக்குக் குளோபிடோகிரலும் ஆஸ்பிரினும் ஒரு நாளும் தவறலாகாதவை. மனநோய்க்கான மருந்துகளும் காசநோய் மருந்துகளும் இவ்வாறே இடைவிடாது தொடர வேண்டியவை. உங்கள் மாத்திரைகளில் எவை இவ்வகையின என்பதை அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் கேட்டு, அவற்றின் அட்டைகளில் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டையும், கடைசி ஆய்வு அறிக்கைகளையும், காப்பீட்டு அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் வாழும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மூலத்தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, நீர் புக இயலாத உயரத்தில் வையுங்கள்.

நீரிழிவு உடையோர்

மின்சாரம் நின்றதும் எங்களிடம் தொலைபேசியில் பெரிதும் கேட்கப்படும் வினா, “இன்சுலின் கெட்டுவிடுமா?” என்பதே. அஞ்ச வேண்டியதில்லை. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைப்பதே முறை. ஆயினும் பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்கு உட்பட்ட அறையில் பொதுவாக நான்கு வாரங்கள் வரை இருக்கலாம். சரியான நாள் எண்ணிக்கை அதன் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். கென்யாவின் அகதிகள் முகாமில் நிலவும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு ஜெனீவா பல்கலைக்கழகத்தினரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் நடத்திய ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளியானது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் வைக்கப்பட்ட இன்சுலினும் தன் ஆற்றலை இழக்கவில்லை என்று அது காட்டியது. ஆகவே குளிர்பெட்டி நின்றுபோனது என்பதற்காக இன்சுலினை எறிந்துவிடவும் வேண்டாம். ஊசியை நிறுத்தவும் வேண்டாம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இன்சுலினைப் பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. ஈரமணல் இட்ட மண்பானைக்குள் வைக்கும் முறை கோடையில் நன்கு குளிரூட்டும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அது அவ்வளவாகக் குளிராது. மழை நாளில் அறையின் வெப்பமும் குறைவாகவே இருக்குமாதலால், வெயில் படாத, அடுப்புக்கு அப்பாற்பட்ட ஓரிடமே போதுமானது.

முதல்வகை நீரிழிவு உடையவர் உணவு குறைந்த நாளிலும் நீண்டநேரம் செயல்படும் இன்சுலினை நிறுத்தலாகாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்வோர் உணவு கிடைக்காத வேளையில் அதை விழுங்கினால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றை இடைநிறுத்த வேண்டியிருக்கலாம். இவற்றைக் குறித்த உங்களுக்கான அறிவுரையை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் மூன்று சிறுகரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவிக்கு உரிய பட்டைகளும் மின்கலமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்

வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புயல் எச்சரிக்கை என்பது நேரத்தை முன்கொணர வேண்டிய அழைப்பு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளைத் தாக்குமுன் பல மையங்கள் தம் நோயாளிகளை முன்னதாகவே வரவழைத்து டயாலிசிஸ் செய்தன. அவ்வாறு முன்னதாகச் செய்துகொண்டவர்களிடையே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருதலும், மருத்துவமனையில் சேர்தலும், அடுத்த 30 நாட்களில் இறப்பும் குறைவாக இருந்தமை பின்னர் வெளியான ஆய்வில் தெரிந்தது. எனவே வானிலை மையம் நம் மாவட்டத்திற்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தவுடன், உங்கள் முறை நாளைக்குத்தான் என்று காத்திராமல் மையத்தை அழைத்துக் கேளுங்கள். ஆற்றின் அக்கரையில் சிகிச்சை பெறுபவர், இக்கரையிலுள்ள மையம் ஒன்றின் முகவரியையும் அறிந்து வைத்திருங்கள். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லும் மாற்றுப் பாதையையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஒரு முறை தவறிப்போகும் நிலை வந்தால், அடுத்த டயாலிசிஸ் வரை உணவுக் கட்டுப்பாட்டை இறுக்க வேண்டும். நீர், காப்பி, குழம்பு, கஞ்சி அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்குப் பொதுவாக அரை லிட்டர் அளவிற்குள் நிற்பது நல்லது. உங்கள் மருத்துவர் குறிப்பிட்ட அளவு வேறாயின் அதையே கொள்ளுங்கள். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அறவே தவிருங்கள்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். புயலில் தென்னைகள் சாயும். கஜாவின்போது தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. குடிநீர் கிடைக்காத அந்நாட்களில் இளநீரும் வாழைப்பழமும் எளிதில் கைக்கு வரும். அன்புடன் கொடுப்பாரும் பலர். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இவை நஞ்சுக்கு ஒப்பானவை. இவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கைகால் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் தூள் மருந்தை முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர் திரவப் பைகளைத் தரையில் அடுக்காமல் பரண்மேல் வையுங்கள். கை கழுவுவதற்கெனக் காய்ச்சி ஆறிய நீரைத் தனியே மூடி வையுங்கள்.

ஆக்சிஜன், நெபுலைசர், காற்று மெத்தை

ஆக்சிஜன் செறிவூட்டி மின்சாரத்தை நம்பியே இயங்குகிறது. நிமிடத்திற்கு 5 லிட்டர் தரும் கருவி ஏறத்தாழ 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். 150 ஆம்பியர் மணி கொண்ட ஒற்றை மின்கல இன்வெர்ட்டர், மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டாலும், அதை மூன்று அல்லது நான்கு மணி நேரமே தாங்கும். ஆகவே உருளை ஒன்று வீட்டில் இருப்பது இன்றியமையாதது.

உருளை எவ்வளவு நேரம் வரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். உருளையிலுள்ள லிட்டரை நிமிட ஓட்டத்தால் வகுத்தால் நிமிடங்கள் கிடைக்கும். சிறிய ‘பி’ வகை உருளை ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்திற்கு 2 லிட்டர் எனில் அது 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். பெரிய ‘டி’ வகை உருளை ஏறத்தாழ 7,000 லிட்டர். அதே ஓட்டத்தில் சுமார் 58 மணி நேரம். உருளை சாயாதவாறு சங்கிலியிட்டுக் கட்டுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தியோ குத்துவிளக்கோ சாம்பிராணியோ ஏற்றலாகாது. மின்தடையில் ஒளிக்குக் கைவிளக்கையே பயன்படுத்துங்கள்.

ஆஸ்துமா உடையோர் நெபுலைசருக்கு மாற்றாக, ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலரைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம். படுக்கையிலுள்ள முதியவரின் காற்று மெத்தை மின்தடையில் தட்டையாகிவிடும். அந்நேரங்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாலன்றிப் படுக்கைப்புண் தோன்றும். அப்பணிக்கு வீட்டில் எவர் எந்நேரம் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

ஜெனரேட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழப்பர். வீட்டினுள்ளும், திண்ணையிலும், மாடிப்படியின் அடியிலும், சன்னலருகிலும் அதை இயக்காதீர்கள். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவதும் அதே ஆபத்தை விளைவிக்கும்.

எப்போது புறப்பட வேண்டும்?

வானிலை மையத்தின் சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போதே அது ‘புயல்’ எனப் பெயர் பெறுகிறது. 89ஐ எட்டினால் ‘தீவிரப் புயல்’. ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. புயல் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது என்னும் செய்தி கேட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். காற்றுத் தணிந்த அம்மண்டலமே நின்று பெரும்மழையைக் கொட்டக்கூடும். திருச்சிக்கு அதுவே பெரிய இடர்.

மஞ்சள் எச்சரிக்கை வந்த நாளில் தாளை எடுத்துக் கையிருப்பைச் சரிபாருங்கள். கைப்பேசி, இன்வெர்ட்டர், கருவிகள் அனைத்தையும் மின்னேற்றுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கையில் டயாலிசிஸ் மையத்தையும் ஆக்சிஜன் வழங்குபவரையும் அழையுங்கள். ஆற்றோரத்திலும் தாழ்வான தெருவிலும் வாழும் டயாலிசிஸ் நோயாளி, ஆக்சிஜனில் உள்ளவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையிலுள்ள முதியவர் ஆகியோர் சிவப்பு எச்சரிக்கை வரை காத்திராமல், பகல் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பகுதி உறவினர் வீட்டிற்கோ மருத்துவமனைக்கு அருகிலோ சென்றுவிடுவது நன்று. முழங்கால் அளவு நீரில் ஒரு முதியவரை நாற்காலியில் தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும். முந்தின நாள் மாலையில் ஓர் ஆட்டோ போதும்.

நீர் வடிந்த பின்

வெள்ளநீரில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிக்குக் கண்ணாடித்துண்டு தைத்ததும் தெரியாது. நாள்தோறும் இரவில் உள்ளங்காலை மற்றொருவர் பார்க்க வேண்டும். குடிநீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு ஆறவைத்து அருந்துங்கள். வயிற்றுப்போக்கிற்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் முழுமையாகக் கரையுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உடையவர் எவ்வளவு அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே பருகட்டும்.

தேங்கிய நீரில் நின்றவருக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவத்தல் தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் நீரில் நின்றதைத் தவறாமல் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகாமல் 94987 94987 என்னும் மின்னகம் எண்ணில் தெரிவியுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மருத்துவ ஆலோசனைக்கு 104.

பராமரிப்போருக்கு

நம் பகுதியில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதிய தம்பதியர் தனித்து வாழும் வீடுகள் மிகுதி. கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தால் தொலைவிலுள்ள மகனாலும் மகளாலும் ஒன்றும் செய்ய இயலாது; அடுத்த வீட்டாரே அணுகக்கூடியவர். உங்கள் தாளின் ஒரு பிரதியை அண்டை வீட்டில் கொடுத்து வையுங்கள். வெளியூரில் வாழும் பிள்ளைகள் இப்பருவத்தில் ஒருமுறை அவ்வண்டை வீட்டாருடன் தாமே பேசிவிடுவது நலம். நோயைப் பிறரிடம் சொல்லக் கூச்சப்படுவோர் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால், வெள்ள நாளில் எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பது உதவிக்கு வருபவருக்குத் தெரியாது.

பராமரிப்பவரும் மனிதரே. அவருடைய இரத்த அழுத்த மாத்திரையையும் மூக்குக் கண்ணாடியையும் அதே பையில் சேர்த்து வையுங்கள். அவர் நோயுற்றால் அவர் இடத்தில் நிற்கப்போகிறவர் யார் என்பதற்கும் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

மேற்கூறிய அனைத்தையும் ஒரே நாளில் செய்துவிட இயலாது. முதலில் தாளை எழுதுங்கள். இரண்டாம் பத்தியிலுள்ள மிகச் சிறிய எண் எதுவென்று பாருங்கள். அந்த எண்ணை இவ்வார இறுதிக்குள் பெரிதாக்க என்ன செய்யலாம் என்று வீட்டினர் கூடிப் பேசுங்கள். நிரப்ப இயலாத கட்டங்கள் இருப்பின் அப்படியே விட்டு, அடுத்த புறநோயாளி வருகையின்போது தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோலவே அதையும் பார்த்து, விடுபட்ட கட்டங்களை உங்களுடன் அமர்ந்து நிரப்பித் தருவோம்.